நூற்றுப் பத்தாவது அடி

தில்லைவிளாகத்துக்குக் கிழக்கே
நெய்னா முகமதின் இறால் குட்டை வரப்பில்
திருச்செங்கோட்டு வண்டியை நிறுத்தினோம்.
ஓட்டுபவர் செங்கோடன்.
பைப் மாட்டுகிறவன் புத்வா முண்டா,
புதன்கிழமை பிறந்தவனாம்,
ஊர் ஜார்க்கண்டில் குந்திப் பக்கம்.
மேலே வருகிற மண்ணைப்
பெட்டியில் அடுக்கி, படிவத்தில் எழுதுவது நான்.
குட்டைக்காரருக்கு ஒரே கேள்வி:
"தண்ணி நல்லா இருக்குமாம்மா?"

பன்னிரண்டு அடி வரைக்கும் வண்டல்.
குடகில் என்றோ பெய்த மழை
என் நகக்கண்ணில் ஏறிக்கொண்டது.
முப்பதில் சிப்பி:
கடல் உள்ளே வந்து குடித்தனம் நடத்திய கணக்கு.
ஐம்பத்தெட்டில் கறுப்பாய் ஒன்று
அழுகின முட்டை வாடையோடு வந்தது.
செங்கோடன் மூக்கைப் பொத்தினார்.
அலையாத்தி வேர். மூச்சுக்காக
மேல்நோக்கி நின்ற வாக்கிலேயே
செத்திருந்தது.

தொண்ணூறில் எந்திரத்தின் சத்தம் மாறிற்று.
மஞ்சள் களி, நடுநடுவே சுக்கான்கல்.
சுக்கான் சேற்றில் விளையாது.
அதற்குத் தரை காய வேண்டும், வெடிக்க வேண்டும்,
எண்ண முடியாத கோடைகள் வேண்டும்.

அப்படியென்றால் அப்போது
இங்கே கோரையாறு இல்லை, கடலும் இல்லை.
அது வெகுதூரம் பின்வாங்கிக் கிடந்தது.
கால் நனையாமல் ஈழத்துக்குப் போகலாம்.
நெல் எங்கோ ஈரத்தில் ஒரு புல்.
முப்போகம் விளையப்போகிற மண்
இன்னும் மலையில் பாறையாக இருந்தது.

ஆட்கள் மட்டும் வந்துவிட்டார்கள்.

வந்தார்கள் என்பதுகூட
நாம் பிறகு போட்டுக்கொண்ட வினைச்சொல்.
யாரும் புறப்படவில்லை.
அடுத்த கழிமுகத்தில் நண்டு கொழுத்திருந்தது,
அவ்வளவுதான்.
கடலை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு
ஒரு முகத்துவாரத்தில் பிறந்த பிள்ளைக்கு
இன்னொரு முகத்துவாரத்தில் பல் விழுந்தது.
அவர்கள் குனிந்து பொறுக்கிய கரை
இன்று மீன்களுக்குச் சொந்தம்.
வியர்வையை முன்னமே சம்பாதித்திருந்தார்கள்,
நெடுநேரம் நடக்கும் குதிகாலையும்.
மற்றதெல்லாம் போகிற இடத்தில் கடன்:
காட்டில் கிழங்கின் கசப்பை ஊறவைத்து எடுப்பது,
மணலில் ஊற்றுத் தோண்டுவது,
தேன் எடுக்கையில் எந்தப் புகை போடுவது.
எலும்பு மாற ஆயிரம் தலைமுறை ஆகும்.
கை மாற ஒரு பஞ்சம் போதும்.

புத்வாவுக்கு ஒன்றரை மழைதான் பொய்த்தது.
அரக்கு சுரண்டிய விரல்கள்
ஆறு மாதத்தில் பைப் ரெஞ்சைப் பழகிவிட்டன.

நூற்றுப் பத்தில் தண்ணீர் பீறிட்டது.
"தா!" என்று கத்தினான்.
செங்கோடன் சட்டைப்பையைத் தடவி
ஒரு பீடியை நீட்டினார்.
அவன் தலையை ஆட்டினான், "தா, தா".
தீப்பெட்டியையும் நீட்டினார்.
பிறகு அவன் குழாயைக் காட்டிச் சிரித்தபோதுதான்
தெரிந்தது, அவன் பாஷையில்
தண்ணீருக்கு அதுதான் பெயர்.
பீடியை மட்டும் வாங்கிக் காதில் செருகிக்கொண்டான்.

கையில் ஏந்திக் குடித்து உடனே துப்பினான்.
"உப்பு."
அந்தச் சொல்லை இங்கே வந்த முதல் வாரமே
கற்றிருந்தான்.
நெய்னா முகமது ஒன்றும் சொல்லாமல்
இறாலுக்குத் தீனி போடப் போனார்.

வண்டி கிளம்பிய பிறகு
நிழலில் படிவத்தை நிரப்பினேன்.
நிறம்: மஞ்சள்.
மனிதத் தடயம் என்றொரு கட்டம் உண்டு.
கல்லாயுதமோ கரியோ எலும்போ வரவில்லை.
நான்கு அங்குல அகலக் குழாய் அது.
அவர்கள் அதற்கு நாலு அங்குலம் தள்ளி
நடந்திருக்கலாம்.
"இல்லை" என்று எழுதினேன்.

மூடும்போது பார்த்தேன்.
நூற்றுப் பத்தாவது அடியின் ஈரக் களியில்,
பெட்டியில் வைக்கையில் அழுத்தியிருக்கிறான்,
சுழி ஒன்றுவிடாமல் தெளிவாக.
விதிப்படி அதைச் சுரண்டி எடுக்க வேண்டும்.
கத்தியைக்கூட எடுத்தேன்.

கடைசிக் கட்டம், பின்னால் கலந்தவை:
கட்டைவிரல், ஒன்று.